பழைய ரம்பங்கள் சொல்லும் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் கோபுரங்களும், கல்வெட்டுகளும் செப்பேடுகளும், வென்றோரும் தோற்றோருமாகிய மன்னர்களுமே ஆவர். அவற்றைக் கற்பித்தே என் வாழ்நாளில் 34 ஆண்டுகளைக் கழித்தேன். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதன்று. மரம் அறுக்கும் எந்திரம் ஒன்றின் வரலாற்றையும், அந்த எந்திரத்தின் பழைய வடிவங்களைத் தேடிச் சேர்த்துப் பழுது பார்த்துக் காப்போர் செய்யும் பணியையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். இதனூடே, ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் உங்களிடம் ஒளிக்காமல் கூறப் போகிறேன்.

சங்கிலி ரம்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் கஜா புயல் நம் கடற்கரையைத் தாக்கியபொழுது, பட்டுக்கோட்டைப் பகுதியில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. சாலைகளின் குறுக்கே கிடந்த மரங்களை அறுத்து வழி ஏற்படுத்தியவை இந்த ரம்பங்களே. நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டும் அதுவே. என் வீட்டு வாயிலில் விழுந்த வேம்பை ஓர் இளைஞர் தனியாளாக நின்று சிறிது நேரத்தில் துண்டு துண்டாக்கினார். அவர் வேறு யாருமல்லர். எங்கள் ஊரில் ஈர்வாள் இழுத்துப் பிழைத்த முதியவர் ஒருவரின் பேரர். பாட்டனார் காலத்தில் இருவர் பகலெல்லாம் செய்த வேலையைப் பேரர் ஒருவரே சிறிது நேரத்தில் முடித்துவிட்டார். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? அதை முதலில் காண்போம்.

என் இளமையில் எங்கள் ஊரில் அறுப்புக்குழி ஒன்று இருந்தது. ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்துவார்கள். ஒருவர் மரத்தின்மேல் நிற்பார். மற்றவர் குழிக்குள் நிற்பார். நீண்ட ஈர்வாளை மேலும் கீழுமாக இழுப்பார்கள். மேலே நிற்பவர் மரத்தில் அடித்த கரிக்கோடு பிறழாமல் வாளைச் செலுத்த வேண்டும். கீழே நிற்பவர் தலையிலும் முகத்திலும் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் விழும் மரத்தூளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் குழியிலிருந்து ஏறி வருபவர் மாவு மில்லிலிருந்து வருபவரைப்போல் இருப்பார். உலகின் பல பகுதிகளிலும் பல நூற்றாண்டுகள் பலகைகள் இவ்வாறுதான் பிறந்தன.

இனி, சங்கிலி ரம்பத்துக்கு வருவோம். பற்கள் கொண்ட கண்ணிகளைக் கோத்துச் சங்கிலியாக்கி, அதனால் அறுக்கலாம் என்ற எண்ணம் முதலில் தோன்றியது காட்டில் அன்று. மருத்துவர்களிடையே என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களாகிய ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகிய இருவரும் எலும்பை அறுப்பதற்கு இத்தகைய சிறு சங்கிலியைக் கையாண்டனர். கடினமான மகப்பேற்றின்போதும், நோயுற்ற எலும்பை நீக்கும்போதும் அது பயன்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை எவ்வளவு விரைவில் முடிகிறதோ அவ்வளவுக்கு நோயாளியின் துன்பம் குறையும். பின்னர் 1830-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்னார்டு ஹைனே என்பவர், கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஒரு தகட்டைச் சுற்றி ஓடும் எலும்பறுப்புக் கருவியை அமைத்தார். அதன் படத்தைப் பார்ப்பவர், இன்றைய சங்கிலி ரம்பத்தின் குழந்தை என்றே கருதுவர்.

ஆனால் இங்கே வரலாற்று மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவு கட்டலாகாது. ஒப்புமை வேறு, மரபு வேறு. மருத்துவர் கருவியைப் பார்த்துத்தான் மரத்தொழிலார் தம் எந்திரத்தைச் செய்தனர் என்று சிலர் அவசரமாகச் சொல்லிவிடுகின்றனர். இரண்டுக்கும் இடையில் பல பத்தாண்டுகள் இடைவெளி உள்ளது. ஒரே தேவை இரு வேறு இடங்களில் ஒரே வகை எண்ணத்தைத் தோற்றுவித்தலும் உண்டு.

மரத்துக்கென்று இத்தகைய ரம்பத்தை வகுத்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ். முடிவில்லாமல் சுற்றி ஓடும் சங்கிலி ரம்பத்துக்கு 1905-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். கலிபோர்னியாவின் செம்மரங்களை வீழ்த்துவதே அவர் நோக்கம். நம் நாட்டுச் செஞ்சந்தனத்தோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டா; இவை 300 அடிக்கு மேலும் வளரும் ஊசியிலை மரங்கள். அத்தகைய மரத்தைக் கைவாளால் வீழ்த்த நாட்கணக்கில் ஆகும்.

எண்ணம் தோன்றினாலும், காட்டுக்குள் தூக்கிச் செல்லத்தக்க எந்திரம் ஐரோப்பாவில் 1920-களில்தான் உருப்பெற்றது. ஆந்திரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ஆம் ஆண்டில் ஸ்டட்கார்ட் நகரில் தொழில் தொடங்கி, மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அதன் எடை 48 கிலோ. இருவர் தூக்கி இயக்க வேண்டும். ஆனால் நடுக்காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? ஆகவே பெட்ரோல் எந்திரம் தேவைப்பட்டது. 1927-இல் எமில் லெர்ப் என்பவர் தம் பெட்ரோல் ரம்பத்தை ஜெர்மனியின் தூரிங்கியப் பகுதியிலுள்ள டோல்மார் என்னும் மலையில் சோதித்துப் பார்த்தார். அம்மலையின் பெயரே பின்னர் அவர் தொழிலகத்தின் பெயராயிற்று. அவருடைய ரம்பம் 58 கிலோ எடையுள்ளது. 1929-இல் ஸ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோ எடையோடு வந்தது. 1950-இல் அதே தொழிலகம் ஒருவர் தனியே இயக்கத்தக்க ரம்பத்தை 16 கிலோ எடையில் வெளியிட்டது. 1959-இல் வந்த கோன்ட்ரா என்னும் ரம்பம் ஏறத்தாழ 12 கிலோதான். 58, 46, 16, 12 என்னும் இந்நான்கு எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். இருவர் வேலை ஒருவர் வேலையான கதை முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் 1949-ஆம் ஆண்டில் மக்கல்லக் தொழிலகம் 25 பவுண்டு எடையில் ஒருவர் கையாளும் ரம்பத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது.

எடை குறைந்ததற்குக் காரணங்கள் பல. மக்னீசியம், அலுமினியம் போன்ற எடை குறைந்த உலோக வார்ப்புகள் வந்தன. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் மாறியது. பழைய கார்புரேட்டரில் சிறு கிண்ணமும், அதில் மிதக்கும் மிதவையும் இருக்கும். எந்திரத்தைச் சாய்த்தால் கிண்ணமும் சாயும், எந்திரம் நின்றுவிடும். நிற்கும் மரத்தை வீழ்த்த ரம்பத்தைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும்; விழுந்த மரத்தைத் துண்டாக்க நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். எனவே எந்திரம் நிமிர்ந்தே இருக்க, சங்கிலி ஓடும் தகடு மட்டும் திரும்பும்படி அமைத்தார்கள். அந்த அமைப்பால் எடை கூடியது. மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு ஒன்றைக் கொண்ட கார்புரேட்டர் வந்த பின்னரே, ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும் எந்திரம் ஓடிற்று. ஒரு சிறு சவ்வு மனிதனின் தோளிலிருந்து பல கிலோ பாரத்தை இறக்கி வைத்தது.

சங்கிலியின் பல்லிலும் ஒரு புரட்சி நேர்ந்தது. தொடக்கத்தில் சங்கிலியின் பற்கள் கைவாளின் பற்களைப் போன்றே இருந்தன. அவை விரைவில் மழுங்கும். அவற்றை அரத்தால் தீட்டுவதிலேயே பொழுது கழியும். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளி, ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று மரத்தைத் தின்று செல்வதைக் கண்டார். வளைந்த அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவின. மரத்தின் நாரோட்டத்துக்கு நேராகவும் குறுக்காகவும் அப்புழு எளிதாகச் சென்றது. அவர் தம் வீட்டின் கீழறையில் அமர்ந்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சீவும் கொக்கிப் பற்களைக் கொண்ட சங்கிலியைச் செய்தார். 1947-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் உலகெங்கும் ஓடும் சங்கிலிகளுக்கு அவ்வடிவமே அடிப்படை. பல்லாயிரம் பேர் அருவருத்து நசுக்கியிருக்கக்கூடிய புழுவை ஒருவர் குனிந்து பார்த்தார். அறிவியல் மாணவர்கள் இதனை மறத்தல் கூடாது.

இந்த எந்திரம் நன்மையை மட்டுமே தந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதன் அதிர்வைப் பல ஆண்டுகள் தாங்கிய தொழிலாளரின் விரல்களில் இரத்த ஓட்டம் குன்றி, விரல்கள் வெளுத்து உணர்வற்றுப் போயின. அந்நோய்க்கு வெள்ளை விரல் என்றே பெயர். தகட்டின் நுனி எதிர்பாராமல் மரத்தில் பட்டால் ரம்பம் இயக்குபவரை நோக்கி எகிறும். அதனால் பலர் காயமுற்றனர், சிலர் மாண்டனர். 1960-களில் அதிர்வைத் தடுக்கும் ரப்பர்த் தாங்கிகளும், 1970-களின் தொடக்கத்தில் சங்கிலியைத் தானாக நிறுத்தும் தடையும் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியச் செம்மரக் காடுகள் முன்னிலும் விரைவாக அழிந்தன. எஞ்சியவற்றைக் காக்க 1968-ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஒன்று அமைந்தது. பழங்காட்டில் இருபதில் ஒரு பங்கே இன்று நிற்கிறது.

அப்படியானால் இந்த எந்திரத்தைப் போற்றிப் பாதுகாப்பது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 2019-ஆம் ஆண்டு கோடையில், ஸ்டட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் மகளின் வீட்டில் இரண்டு திங்கள் தங்கியிருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் ஓய்வு பெற்ற காட்டுத் தொழிலாளி ஒருவர் பழைய சங்கிலி ரம்பங்களைச் சேர்த்து வைத்திருப்பதாக அறிந்து, மகளை அழைத்துக்கொண்டு பார்க்கச் சென்றேன். ஒரு கொட்டகையில் 40 ரம்பங்கள் வரை வரிசையாக இருந்தன.

அவர் வேலை செய்யும் முறை என்னைக் கவர்ந்தது. பழைய ரம்பம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதனைத் துடைப்பதில்லை, படம் எடுக்கிறார். எண்ணும் பெயரும் பொறித்த தகட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். யாரிடமிருந்து வந்தது, எந்தக் காட்டில் ஓடியது, ஏன் நின்றது என்று விற்றவரிடம் கேட்டு எழுதுகிறார். அதன் பின்னரே திருகாணியைக் கையில் எடுக்கிறார். உருளைக்குள் பிஸ்டன் இறுகிப் போயிருந்தால் சுத்தியலால் அடிப்பதில்லை. எண்ணெயை ஊற்றிப் பல நாள் காத்திருந்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டி விடுவிக்கிறார். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருப்பதைக் கழுவுகிறார். விறைத்துப்போன சவ்வை மாற்றுகிறார். பொறி உண்டாக்கும் முனைகளைச் சுத்தம் செய்கிறார். மக்னீசியத் தூள் தீப்பற்றும் ஆதலால் அவ்வுலோகத்தை எந்திரத்தால் அராவுவதில்லை. கழற்றிய பழைய உறுப்பைக் குப்பையில் எறியாமல், பெயர் எழுதிய பையிலிட்டு வைக்கிறார்.

அவர் ஒரு ரம்பத்தை எங்களுக்காக இயக்கிக் காட்டினார். சங்கிலியையும் தகட்டையும் முன்னதாகக் கழற்றிவிட்டார். தடை இல்லாத பழைய ரம்பத்தை அறுக்கவிட்டு வேடிக்கை காட்டுவது அறிவுடைமை ஆகாது என்றார். அன்று சனிக்கிழமை. மறுநாளானால் அந்நாட்டில் அத்தகைய ஓசை எழுப்ப இயலாது. ஞாயிறு அமைதி நாள்.

அக்கொட்டகையில் இரண்டு கோன்ட்ரா ரம்பங்கள் இருந்தன. ஒன்று புத்தம் புதிது போல் மின்னிற்று. மற்றொன்றின் வண்ணம் உதிர்ந்திருந்தது. முன்கைப்பிடியின் ஓரிடத்தில் உலோகமே தேய்ந்து பளபளத்தது. பளபளக்கும் முதல் ரம்பத்தைக் காட்டி, “இதைப்போல் அதையும் ஏன் அழகாக்கவில்லை?” என்று மகள் வழியே கேட்டேன். முதலாவது, தாம் தொடக்கத்தில் அறியாமல் வண்ணம் பூசியது என்றார். இரண்டாவது தம் தந்தையினுடையது. தேய்ந்த அவ்விடம் தந்தையின் இடக்கை பிடித்த இடம். வண்ணம் பூசினால் அந்தக் கை மறைந்துவிடும் என்றார். பிறகு, தம் தந்தைக்கு முதுமையில் விரல்கள் வெளுத்துச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமற் போனதையும் சொன்னார். ரம்பத்தைப் போற்றுவதற்காக அன்று, நடந்ததை மறக்காதிருப்பதற்காகவே சேர்க்கிறேன் என்பது அவர் விடை.

அதைக் கேட்டதும் நான் தலை குனிந்தேன். காரணம் இதுதான். 1987-ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பள்ளியில் வரலாற்றுப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அப்பொழுது நான் இளம் ஆசிரியன். முன்னர்க் குறிப்பிட்ட ஈர்வாள் முதியவரிடம் சென்று அவருடைய வாளைக் கேட்டேன். அது அவருக்கு அவர் தந்தையார் விட்டுச் சென்றது. மகிழ்வோடு கொடுத்தார். வாள் துருவேறி, கைப்பிடி கறுத்துப் போயிருந்தது. கைப்பிடி நெடுகச் சிறு சிறு கீறல்கள். காட்சிப் பொருள் அழகாக இருக்க வேண்டுமே என்று எண்ணி, மாணவர்களைக் கொண்டு உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, கைப்பிடிக்கு வார்னிஷும், வாளுக்கு வெள்ளி வண்ணமும் பூசினேன். பார்த்தோர் அனைவரும் பாராட்டினர்.

இரண்டாம் நாள் முதியவர் வந்தார். வாளை நெடுநேரம் பார்த்தார். கைப்பிடியை விரலால் தடவினார். பிறகு, “வாத்தியாரய்யா, எங்கப்பா போட்ட கணக்கு எங்கே?” என்றார். எனக்கு விளங்கவில்லை. பெரிய மரம் ஒன்றை அறுத்து முடித்த ஒவ்வொரு முறையும் அவர் தந்தையார் கைப்பிடியில் ஒரு கீறல் இட்டு வந்தாராம். எழுத்தறியாத ஒரு மனிதர் தம் வாழ்நாள் உழைப்புக்கு எழுதி வைத்த ஒரே ஏடு அது. அதை, ஏடுகளின் அருமையைக் கற்பிக்கும் ஆசிரியனாகிய நானே அழித்துவிட்டேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “போகட்டும், பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் ஐயா” என்று கூறிச் சென்றார். அந்த ‘போகட்டும்’ இன்றளவும் என் செவியில் இருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து திரும்பியபின், சங்கிலி ரம்பம் வைத்திருக்கும் பேரரிடம் சென்றேன். கீறல்கள் எத்தனை இருந்தன என்று தாத்தா எப்பொழுதாவது சொன்னதுண்டா என்று வினவினேன். “தெரியலீங்க சார், தாத்தாவுக்குக் கணக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். அவ்வளவே. வேறு எங்கும் அந்த எண்ணைத் தேட இயலாது. வாள் இன்னும் அப்பள்ளியின் ஓர் அறையில் இருக்கிறது. நடந்தது யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, என் பிழையையும் மறைக்காமல் குறித்து, அதன் அருகில் வைத்து வந்தேன். இழந்ததை அது மீட்காது. இனிப் பார்ப்பவர் இழப்பு ஒன்று உண்டு என்றாவது அறிவர்.

பழம்பொருள் காப்போரிடையே இரு கொள்கையினர் உண்டு. எந்திரம் தொழிலகத்திலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். பயன்பட்ட அடையாளங்களோடு இருந்தபடியே காக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றிலும் நியாயம் உண்டு. துரு தின்று அழியும் பொருளை அப்படியே விட்டால் நாளை ஒன்றுமே எஞ்சாது. புதிய நிலையில் அவ்வெந்திரம் எவ்வாறு இருந்தது என்று அறிவதும் அறிவே. ஆனால் வண்ணத்தை எப்பொழுது வேண்டுமானாலும் பூசலாம். தேய்த்து அழித்த தழும்பை மீண்டும் உண்டாக்க எவராலும் இயலாது. ஆகவே, பின்னர் மாற்றிக்கொள்ளத்தக்கதை மட்டும் செய்க, செய்ததை எழுதி வைக்க என்பதே இரு சாராருக்கும் பொதுவான நல்விதியாகும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஊரிலும் இத்தகைய பொருள்கள் இன்னும் இருக்கும். தச்சரின் இழைப்புளி, கொல்லரின் துருத்தி, பாட்டியின் உலக்கை, அப்பாவின் பழைய தையல் எந்திரம், எதுவாயினும் சரி, அதனைத் துலக்கும் முன் சற்று நில்லுங்கள். ஒரு படம் எடுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, என்ன வேலை செய்தது, இந்தத் தேய்வு எதனால், இந்தக் கீறல் எதற்கு என்று முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். பொருள் நூறாண்டு காத்திருக்கும். விடை சொல்லக்கூடியவர் காத்திருக்கமாட்டார். நான் பாலிஷ் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரு மனிதரின் வாழ்நாட்கணக்கு இன்று உங்கள் கண்முன் இருந்திருக்கும். நீங்களாவது கேளுங்கள்.